பட்டாரோ: சீதனப் பெட்டகம்

பட்டாரோ என்பது குஜராத்திச் சொல். அதைத் தமிழில் எப்படி எழுதுவது? கட்ச், சௌராஷ்டிரப் பகுதிகளில் கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குப் பிறந்தவீட்டார் கொடுத்தனுப்பும் பெரிய மரப்பெட்டிக்கு அந்தப் பெயர். துணிமணி, நகை, பாத்திரம் எல்லாம் அதற்குள் போகும்.

பெரும்பாலும் தேக்கில் செய்வார்கள். முகப்பில் செதுக்குவேலை இருக்கும். அல்லது பித்தளைத் தகடு போர்த்தி, குமிழாணிகளை வரிசையாக அறைந்திருப்பார்கள். நிறைந்த பெட்டியை நகர்த்த அடியில் சக்கரங்கள் உண்டு. சில பெட்டிகளில் மேல்மூடி கிடையாது, முன்பலகையில் ஒரு சிறு கதவுதான். அதனால் மேலே அடுக்கியிருக்கும் மெத்தை, போர்வைகளைக் கலைக்காமல் உள்ளே கைவிட்டு எடுக்கலாம். எத்தனை வீட்டு அனுபவம் அந்தச் சின்னக் கதவுக்குள் இருக்கிறது!

மஜூஸ் என்று இன்னொரு பெட்டியும் உண்டு. அது வடமொழி ‘மஞ்சூஷா’வின் திரிபு. மெத்தை அடுக்கும் மரத்தாங்கிக்கு டாமச்சியோ என்று பெயர். பழம்பொருள் வணிகத்தில் பெட்டிகளையும் அப்படியே அழைத்துக் குழப்புகிறார்கள்.

பட்டாரோவும் இந்திப் ‘பிட்டாரா’வும் ஒரே குடும்பம். பிட்டாரா என்றால் மூடியுள்ள கூடை. வடமொழிப் பிடகம், பேடகம் என்பவற்றோடு உறவுடையது. புத்தரின் திரிபிடகம் ‘மூன்று கூடைகள்’தானே. நம் ‘பெட்டி’க்கும் இந்தக் கூடைப் பொருள் உண்டு: தென்மாவட்டங்களில் பனையோலையில் முடைந்ததும் ஓலைப்பெட்டிதான். ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கியிருந்தாலும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் ‘பெட்டி’ திராவிடச் சொற்களோடுதான் இடம்பெற்றிருக்கிறது.

பெட்டியைவிட அதை நிரப்புவதுதான் பெரும்பாடு. கட்ச்சின் தேபரியா ரபாரி என்ற சமூகத்துப் பெண்கள் சீருக்கான பூவேலைத் துணிகளைத் தாங்களே தைத்து முடித்தாக வேண்டியிருந்தது; முடியும்வரை புகுந்தவீடு போக முடியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 1995இல் அந்தச் சமூகப் பெரியவர்கள் கைப்பூவேலைக்கே தடை போட்டார்கள். அருமையான கலை ஒன்று நின்றுபோனது வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பெண்களின் காத்திருப்பை நினைத்தால், தடையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் பட்டாரோவை ‘வரதட்சிணைப் பெட்டி’ என்று எழுதுவது பொருந்தாது. வரதட்சிணை வரனுக்குக் கொடுப்பது, 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. பட்டாரோவோ பெண்ணோடு போய்ப் பெண்ணிடமே இருப்பது. அதற்கு ஏற்ற சொல் சீதனம். ‘ஸ்திரீதனம்’ என்பதிலிருந்து வந்தது, பெண்ணின் செல்வம் என்பதே பொருள். 1707இல் டச்சுக்காரர் எழுத்தில் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலும் சீதனம் மனைவியின் தனிச்சொத்து. நடைமுறையில் சீதனமும் கட்டாய வசூலாக மாறியது உண்மைதான். சொல்லின் பொருள் அதுவல்ல.

ஆகவே சீதனப் பெட்டகம் என்று எழுதலாம். பெரிய மரப்பெட்டிக்குப் பெட்டகம் பழகிய சொல். சிங்களத்திலும் அது ‘பெட்டகம’ என்றே வழங்குகிறது. தென்மாவட்ட வாசகர்களுக்கென்றால் ‘சீர்ப்பெட்டி’ போதும், விளக்கமே வேண்டாம்.