கடலடிச் சேற்றில் பனியின் தடம்

கண்டத்தின் விளிம்பாகக் கடலுக்கடியில் நீளும் கண்டத்திட்டு, கரையை விட்டு விலக விலக ஆழமாவது வழக்கம். அண்டார்க்டிகாவில் நேர்மாறு: கரையோரம்தான் ஆழம், வெளிவிளிம்பு மேடு. சராசரி ஆழமே சுமார் 500 மீட்டர். கண்டத்தை மூடிய பெரும் பனிவிரிப்பு பலமுறை முன்னேறி உட்புறத்தைச் சுரண்டி, சுரண்டியதை விளிம்பில் கொட்டியதன் விளைவு இது. பனியின் எடையும் நிலத்தை அழுத்தியது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பல இடங்களில் பனி அந்த விளிம்புவரை வந்து கடலடியில் தரைதட்டி நின்றது. பனி எங்கும் ஒரே வேகத்தில் நகராது. பனிவிரிப்புக்குள் ஆறுபோல் வேகமாக நகரும் பனியோடைகள் அடியிலிருந்த சேற்றை இழுத்துக்கொண்டே போய்க் கிலோமீட்டர் கணக்கில் நீளும் வரப்புகளை விட்டுச்சென்றன. ஒலி அனுப்பிக் கடலாழம் அளக்கும் எதிரொலிமானியின் வரைபடத்தில் உழுத வயல்போல் அவை தெரியும்.

அங்கே குழாயை இறக்கி எடுக்கும் மண்ணைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். அடியில் களிமண்ணும் மணலும் கல்லும் கலந்து இறுகிய பனியடிப் படிவு. பெரும்பாலும் குழாய் இதில்தான் முட்டி நிற்கும். அதற்கு மேல், பனி மிதக்கத் தொடங்கியபோது விழுந்த கற்கள் கலந்த சேறு. உச்சியில், பனி விலகிய திறந்த கடலில் வளரும் டயாட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகள் நிறைந்த பச்சைச் சேறு. இந்த வரிசைதான் பனி பின்வாங்கிய கதை. ஆனால் மிதந்துபோகும் பனிப்பாறைகளின் அடிப்பாகம் கடலடியைக் கிளறிவிட்டால், அந்தக் கலவையும் பனியடிப் படிவு மாதிரியே இருக்கும். ஆகவே வரைபடம் பார்க்காமல் குழாய் இறக்கக் கூடாது.

காலக்கணிப்பில்தான் பெரிய சிக்கல். அங்கு வாழும் சிப்பியே, எஞ்சிய கதிரியக்கக் கார்பனை வைத்து வயது கணிக்கும் ரேடியோகார்பன் கணக்கில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையதாகத் தெரியும், கடல்நீரில் பழைய கார்பன் இருப்பதால். அதைக் கழித்துவிடலாம். சுண்ண ஓடுகளோ அங்கே அரிது. ஓடு கிடைக்காமல் சேற்றிலுள்ள கரிமப்பொருளை மொத்தமாக அளந்தால் பிழை இன்னும் கூடும்: பனி அரைத்துக் கொண்டுவந்த தொன்மையான கார்பனும் அதில் சேர்ந்திருக்கும். சேற்றைப் படிப்படியாகச் சூடாக்கி, முதலில் வெளியேறும் இளைய கார்பனை மட்டும் அளப்பது ஓரளவு கைகொடுக்கிறது.

இன்னும் பின்னோக்கிப் போவது கடினம், ஒவ்வொரு முன்னேற்றமும் முந்தையதன் தடயத்தை வழித்தெடுத்துவிடுவதால். தரை தாழ்ந்துகொண்டே போகும் படுகைகளில்தான் அடுக்குகள் தப்பிப் பிழைக்கின்றன. 2006-07 பருவத்தில் ஆன்ட்ரில் என்ற அண்டார்க்டிகத் துளையிடல் திட்டம், கடலில் மிதக்கும் மெக்மர்டோ பனியடுக்கின் மேலிருந்து அப்படியொரு படுகையில் 1,285 மீட்டர் துளைத்தது. பனியடிப் படிவும் டயாட்டம் படிவும் அதில் மாறிமாறி வந்தன. 50 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை, பூமியின் அச்சுச் சாய்வு மாறும் அதே தாளத்தில் பனி வந்துபோயிருக்கிறது.