பழைய கல் பாலங்கள் நிலைப்பதும் சரிவதும் எதனால்?

பழைய கல் பாலம் ஒன்று நூற்றாண்டுகளைக் கடந்து நின்றால், அந்தக் காலத்துக் கல்லும் சுண்ணாம்பும் அப்படிப்பட்டவை என்று சொல்லிவிடுகிறோம். பாலங்களைச் சோதித்துப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. கல், அமுக்கும் விசையைத் தாங்கும் அளவுக்கு இழுக்கும் விசையைத் தாங்காது. அதனால்தான் இரு தூண்களின்மேல் கிடத்திய நீண்ட கற்பலகை அடிப்பக்கத்தில் விரிசல் விடுகிறது. வளைவாக அடுக்கிய ஆப்பு வடிவக் கற்களிலோ, மேலிருந்து வரும் பாரம் ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லோடு அமுக்கியபடியே கரைகளை நோக்கி இறங்குவதால், இடையிலுள்ள காரை ஓரளவு உதிர்ந்தாலும் பாலம் நிற்கிறது. ஆனால் கரைத்தாங்கி சற்று விலகினாலோ, தூணின் அடித்தளம் இறங்கினாலோ அந்த அமுக்கம் குலைந்துவிடும்.

ரோம் நகரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். டைபர் ஆற்றின் நடுவிலுள்ள தீவை நகரத்தோடு இணைக்கும் ஃபாப்ரீசியஸ் பாலம் கி.மு. 62-இல் கட்டப்பட்டது, மக்கள் இன்றும் அதன்மேல் நடந்து செல்கிறார்கள். இரண்டு பெரிய கண்களுக்கு நடுவேயுள்ள தூணில், வெள்ளம் உயரும்போது நீர் புகுந்து வெளியேற ஒரு சிறிய வளைவுத் திறப்பை விட்டிருக்கிறார்கள். சற்றுக் கீழே, அதே ஆற்றில், அதைவிடப் பழைய எமிலியஸ் பாலம் வெள்ளங்களில் பலமுறை உடைந்து, 1598-ஆம் ஆண்டு வெள்ளத்தில் கிழக்குப் பாதியை இழந்தது. ஒற்றை வளைவு மட்டுமே இன்று ஆற்றின் நடுவே மிஞ்சியிருக்கிறது. இரண்டும் கல்லால் ஆனவை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், ஏறக்குறைய 605-ஆம் ஆண்டில் லீ சுன் கட்டி முடித்த சாவ்சோ பாலம் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. சுமார் 37 மீட்டர் அகலத்தை ஒரே வளைவில் தாண்டும் அதன் உயரம் 7 மீட்டரை ஒட்டியதுதான். வளைவு தட்டையாகத் தட்டையாகக் கரையைப் பக்கவாட்டில் தள்ளும் விசை கூடும். லீ சுன் வளைவின் இரு தோள்களிலும் இரண்டிரண்டு சிறு வளைவுகளைத் திறந்து, கல்லின் எடையைக் குறைத்ததோடு வெள்ளத்துக்கும் வழிவிட்டார். பெரிய வளைவையே அருகருகே நிற்கும் 28 வரிசைகளாகக் கட்டியிருப்பதால், பழுதான வரிசையை மட்டும் மாற்ற முடியும். வரிசைகள் பக்கவாட்டில் விலகாமலிருக்க இரும்பால் பிணைத்தார்கள். 1966-இல் சிங்தாய் பகுதியை உலுக்கிய நிலநடுக்கங்களிலும் அது விழவில்லை.

நம் ஊர்ச் சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் 19-ஆம் நூற்றாண்டுக் கல் வளைவுகள் இன்னும் பாரம் சுமக்கின்றன. அவற்றைச் சோதிக்கும்போது வளைவின் அடியில் நின்று சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டுவோம். பிடிப்புள்ள கல் கணீரென்று ஒலிக்கும், பிடிப்பு விட்ட கல் பொத்தென்று ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் இடங்களில், பெரும்பாலும் சிமெண்ட் பூச்சின் ஓரமாக வெள்ளை உப்பு படிந்திருப்பதைப் பார்க்கிறேன். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் பூசிய சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுவதால், நல்லெண்ணத்தில் செய்த பழுதுபார்ப்பே கல்லை அரிக்கிறது. இணைப்பில் வேர்விடும் அரசங்கன்றும் அப்படித்தான். மேலே வெட்டினால் போதாது, வேர் உள்ளே பருத்துக் கற்களைப் பிளக்கும்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது மணல் அள்ளுவதைத்தான். பாலத்தைக் கடந்து ஆறு ஓடும் பக்கத்தில் மணல் எடுத்தாலும், அந்தப் பள்ளம் நீரோட்டத்துக்கு எதிராகப் பாலத்தை நோக்கி நகர்ந்து, ஆற்றுப் படுகை தாழ்ந்துகொண்டே வந்து, புதைந்திருக்க வேண்டிய அடித்தளம் வெளியே தெரியத் தொடங்கும். அதன்பின் வரும் முதல் பெருவெள்ளம் அடியிலுள்ள மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். தூணின் அடிக்கல் புதிதாக வெளியே தெரிந்தாலோ, வளைவிலிருந்து கல் நழுவி இறங்கியிருந்தாலோ, பாலத்தின் கைப்பிடிச் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலோ, புகைப்படம் எடுத்து அன்றைக்கே நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். ரயில் பாலமென்றால் அருகிலுள்ள நிலைய அதிகாரியிடம் சொல்லுங்கள். அடித்தளத்தைச் சுற்றிக் கருங்கல் கொட்டிக் காப்பது, வெள்ளத்துக்கு முன்பாக இருந்தால் சில நாள் வேலைதான்.