டிஸ்கோகிராபி: தட்டில் பாட்டே இல்லாவிட்டால்?

ராக் இசைக்குழு ஒன்றைப் பற்றித் தேடினால் 'டிஸ்கோகிராபி' என்ற தலைப்பு தவறாமல் எதிர்ப்படும். டிஸ்கோ ஆட்டத்தின் வரலாறு என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவரோ ஒரு குழுவோ வெளியிட்ட ஒலிப்பதிவுகளின் பட்டியல் அது. தமிழில் அதை எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி. கிரேக்கத்தில் 'டிஸ்கோஸ்' என்பது விளையாட்டு வீரர்கள் வீசி எறியும் வட்டு. 'கிராபியா' என்றால் எழுதுதல். நூற்பட்டியலைக் குறிக்கும் 'பிப்ளியோகிராபி'யின் அச்சில் வார்த்த சொல் இது. (டிஸ்கோவும் தூரத்து உறவுதான். நூலகத்துக்கான பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்து 'டிஸ்கோதெக்' என்று உருவாக்கினார்கள். பிறகு வால் உதிர்ந்தது.)

சொல்லை ஊர் அறியச் செய்தவர்கள் ஜாஸ் பித்தர்கள். 1936-இல் சார்ல் டெலோனே என்ற பிரெஞ்சுக்காரர் 'ஹாட் டிஸ்கோகிராபி' என்றே ஒரு புத்தகம் வெளியிட்டார். எந்த இசைத்தட்டில் யார் வாசித்தார்கள், எப்போது பதிவானது என்பதுதான் இத்தகையவர்களின் கவலை. தட்டின் உள்விளிம்பில், பள்ளங்கள் முடிந்து வழவழப்பாகும் இடத்தில், பொடி எழுத்தில் கீறிய எண்ணைக்கூட விடமாட்டார்கள்.

ஆகவே இது பாடல் பட்டியல் அன்று; பதிவுகளின் பட்டியல். ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவைப் பாருங்கள். 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' பாடலை 1981-இல் ஹிப்-டோன் என்ற சிறு நிறுவனத்துக்காகத் தனிப்பாடலாக வெளியிட்டார்கள். 1983-இல் 'மர்மர்' ஆல்பத்துக்காக அதையே மறுபடி பதிந்தார்கள். பாடல் பட்டியலில் அது ஒரு வரி, டிஸ்கோகிராபியில் இரண்டு. 2011-இல் கலையும் வரை அவர்கள் தந்த ஸ்டூடியோ ஆல்பங்கள் 15. ஐந்தே பாடல் கொண்ட 1982-இன் 'க்ரானிக் டவுன்' அந்தக் கணக்கில் வராது. அது இ.பி., அதாவது குறுந்தொகுப்பு.

தமிழில் இதை 'இசைத்தட்டுப் பட்டியல்' என்றும், சிலர் வெறுமனே 'இசைத்தொகுப்புகள்' என்றும் எழுதுகிறோம். இன்று தட்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அது பெரிய தடையே அல்ல. ஓலை போய் எத்தனை காலம் ஆயிற்று, நாளேடு இன்னும் ஏடுதானே!

எனக்கு இடறுவது தட்டு அல்ல, 'இசை'.

பாப் நியூஹார்ட் என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் முன்பு சிகாகோவில் கணக்காளராக இருந்தவர். தொலைபேசியில் எதிர்முனையில் யாரோ இருப்பதுபோல், அவர் பேச்சை நமக்குக் கேட்கவிடாமல், தான் மட்டும் திக்கித் திணறிப் பேசுவது அவர் பாணி. 1960-இல் வந்த அவருடைய முதல் தட்டில் இருப்பது பேச்சும் பார்வையாளர் சிரிப்பும்தான். அது அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1961 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதையும் தட்டிச் சென்றது. தொலைக்காட்சியில் 1972 முதல் 1978 வரையும், 1982 முதல் 1990 வரையும் அவர் பெயரிலேயே இரண்டு நகைச்சுவைத் தொடர்கள் ஓடின. இந்த மனிதரின் டிஸ்கோகிராபியை 'இசைத்தட்டுப் பட்டியல்' என்றால் அவரே சிரித்திருப்பார்.

எனவே 'ஒலிப்பதிவு அடைவு' என்பேன். நூலடைவு, சொல்லடைவு, பொருளடைவு என்று நமக்குப் பழகிய சொல்தான் அடைவு. பட்டியல் என்றால் கடைச் சீட்டும் பட்டியல். அடைவில் ஒழுங்கும் தேடி எடுக்கும் வசதியும் சேர்ந்தே ஒலிக்கின்றன. (ஈழத் தமிழில் அடைவு என்றால் அடகு; அங்கே முதல் முறை படிப்பவர் சற்றுத் திகைக்கலாம்.) இசைக்குழு மட்டும் என்றால் 'இசைப்பதிவு அடைவு' போதும்.

கூடவே வரும் 'ஃபிலிமோகிராபி'யை 'திரைப்படப் பட்டியல்' என்கிறோம். நியூஹார்ட்டுக்கு அதுவும் பாதிதான் பொருந்தும். 2003-இல் வந்த 'எல்ஃப்' படம் அதில் சேரும், தொடர்கள் சேரா. 'திரையடைவு' என்று வைத்தால் பெரிய திரை, சின்னத்திரை இரண்டும் உள்ளே வந்துவிடும்.