இல்லாத இசைக்குழுவுக்கு ஆல்பம் அட்டை வடிவமைக்கிறீர்களா?

வடிவமைப்பு வேலை தேடி வருபவர்களின் போர்ட்ஃபோலியோவில் அநேகமாக ஒரு பக்கம் இப்படி இருக்கும்: அவர்களே பெயர் சூட்டிய ஒரு ராக் இசைக்குழு, அதற்கு ஓர் ஆல்பம் அட்டை, கூடவே ஒரு நிகழ்ச்சி போஸ்டர். எனக்குப் பிடித்த பக்கம் அது. ஒருவருடைய ரசனை வேறு எந்த வேலையையும் விட இதில்தான் பளிச்சென்று தெரியும். ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் தடுக்கி விழுகின்றன. குழு கற்பனை என்பதால் அதில் போட்ட புகைப்படம், எழுத்துரு, முகம், முத்திரை எல்லாமே கற்பனைக் கணக்கில் சேரும் என்று நினைத்துக்கொள்வது ஒன்று. வேண்டாம் என்று மறுக்க எதிரில் யாரும் இல்லாததால் தோன்றியதையெல்லாம் அட்டையில் ஏற்றிவிடுவது இன்னொன்று.

முதலாவதை முதலில் பேசிவிடுவோம். வம்பு வருவது அதில்தான்.

குழுவின் பெயர், ஆல்பத்தின் தலைப்பு, அட்டைப் படம் மூன்றையும் குருட்டாம்போக்கில் எடுத்துச் சேர்க்கும் விளையாட்டு ஒன்று இணையத்தில் நெடுநாளாகச் சுற்றுகிறது. கலைக்களஞ்சியத் தளத்தில் தற்செயலாக வரும் பக்கத்தின் பெயர் குழுவுக்கு, ஏதோ ஒரு மேற்கோளின் கடைசிச் சொற்கள் ஆல்பத்துக்கு, படப்பகிர்வுத் தளத்தில் சிக்கும் புகைப்படம் அட்டைக்கு. யோசனை ஓடாதபோது நல்ல மருந்துதான். ஆனால் அந்தப் புகைப்படம் தற்செயலாகப் பிறக்கவில்லை, யாரோ ஒருவர் எடுத்தது. படைப்பைப் பிறர் பயன்படுத்த உரிமையாளரே முன்கூட்டித் தரும் உரிமமான கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தாலே இலவசம் என்று பலர் எண்ணுகிறார்கள். அதில் வகைகள் உண்டு. சிசி ஜீரோ என்றால் தாராளமாக எடுத்தாளலாம். பிஒய் என்றால் எடுத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். என்சி என்றால் வணிகத்துக்கு ஆகாது. என்டி என்றால் மாற்றியமைத்ததை வெளியிடக் கூடாது. படத்தின் நிறத்தை மாற்றி, மேலே எழுத்தை ஏற்றி, பாதியை வெட்டி அட்டையாக்குவது மாற்றியமைத்தல் இல்லாமல் வேறென்ன?

படத்தில் மனித முகம் இருந்தால் வேலை இரட்டிப்பு. புகைப்படக்காரரின் அனுமதி வேறு, படத்தில் இருப்பவரின் ஒப்புதல் வேறு. வாம்பயர் வீக்எண்ட் குழு 2010இல் வெளியிட்ட ஆல்பத்தின் அட்டையில் ஒரு பெண்ணின் பழைய போலராய்டு படம் இருந்தது. ஒப்புதல் தாளில் இருப்பது தன் கையெழுத்தே அல்ல என்று அந்தப் பெண் அதே ஆண்டு வழக்குப் போட்டார். மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது. ஒப்புதல் தாள் என்று ஒன்று கையில் இருந்தும் இந்த நிலை. நம் மாணவர்கள் பலரிடம் தாளே இருப்பதில்லை.

குழு கற்பனைதானே என்று தப்பிக்கவும் முடியாது. 1967இல் பீட்டில்ஸ் தங்களையே வேறொரு கற்பனைக் குழுவாக வைத்து ஓர் ஆல்பம் போட்டார்கள். பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவொர்த்தும் உருவாக்கிய அதன் அட்டையில் பிரபலங்களின் கூட்டமே நிற்கும். உயிரோடு இருந்தவர்களிடம் அனுமதி கேட்டுக் கடிதங்கள் போயின. லியோ கோர்சி என்ற நடிகர் 400 டாலர் கேட்டார். அவர் உருவத்தை அழித்துவிட்டார்கள். காந்தியின் உருவமும் ஆல்பத்தை வெளியிட்ட இஎம்ஐ நிறுவனம் மறுத்ததால் நீக்கப்பட்டது.

எழுத்துருவில் ஏமாறுவது இன்னும் சுலபம். இலவசமாகத் தரவிறங்கும் ராக் பாணி எழுத்துருக்கள் பலவற்றின் உரிமக் கோப்பில் ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வரி இருக்கும். அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் என்று இருந்தால் அச்சிலும் வணிகத்திலும் கவலையில்லாமல் பயன்படுத்தலாம். தமிழில் எழுத்துக் கோப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: அடோபி மென்பொருள்கள் சிலவற்றில் பத்தி அமைப்புக்குள் போய், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும், துணைக்கால் தனியே விலகி நிற்கும். மாணவர்களின் போஸ்டர்களில் இது இன்றும் கண்ணை உறுத்துகிறது.

அப்புறம் அலங்காரத்துக்காக ஒட்டும் முத்திரைகள். கறுப்பு வெள்ளையில் ‘பேரண்டல் அட்வைசரி’ என்ற பட்டை அட்டைக்கு ஒரு முரட்டுத்தனம் தருவது உண்மைதான். ஆனால் அது அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ-வின் வணிக முத்திரை, அழகுக்கு ஒட்டும் ஸ்டிக்கர் அல்ல. பார்கோடும் அப்படித்தான். இணையத்தில் கிடைத்த ஒன்றை ஒட்டினால் அது வேறு யாருடைய பொருளின் எண்ணாகவோ இருக்கும். பின்னட்டையில் காலிப் பெட்டி ஒன்று விட்டு ‘பார்கோடு இங்கே’ என்று எழுதுங்கள். அச்சு வேலை தெரிந்தவர் என்பது அந்தப் பெட்டியிலேயே தெரிந்துவிடும்.

படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்கிறார்கள். மனிதப் படைப்பு இல்லாமல் இயந்திரம் மட்டுமே உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. அந்த அட்டையை நாளை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொண்டால் அங்கே நீங்கள் தடுப்பது கடினம். என்னைக் கேட்டால், ரசனையைக் காட்ட வேண்டிய இடத்தில் அதை வைப்பதே வீண்.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருவோம். நிஜக் குழுவோடு வேலை செய்தால் டிரம்மருக்கு நிறம் பிடிக்காது, பாடகர் தன் முகம் பெரிதாக வர வேண்டும் என்பார், இசைப்பதிவு நிறுவனம் கெடுவை முன்னே இழுக்கும். எரிச்சல்தான். ஆனால் நல்ல அட்டை பலவும் அந்த இழுபறியில்தான் உருவாகிறது. கற்பனைக் குழு எதற்கும் மறுப்புச் சொல்லாது. அதனால் அந்த மறுப்புகளை நீங்களே எழுதி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

ஓர் உதாரணம் செய்து பார்ப்போம். குழுவின் பெயர் ‘கந்தக மழை’. இதே பெயரில் ஏற்கெனவே குழு ஏதும் உண்டா என்று தேடிப் பார்ப்பதுதான் முதல் வேலை; இப்போதைக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆல்பத்தின் பெயர் ‘மூன்றாம் ஷிஃப்ட்’. தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்த நான்கு பேர். பாட்டு எல்லாமே தூக்கமின்மை, இயந்திரச் சத்தம், விடியலில் வீடு திரும்புவது. இந்த அளவு எழுதினாலே மண்டை ஓடு, மின்னல், எரியும் கிதார் மூன்றும் தாமாக விலகிவிடும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத எதுவும் அட்டையில் இருக்க வேண்டாம். இவர்களுக்கு என்ன பொருந்தும்? வருகைப் பதிவு அட்டை. நேரம் குத்திய துளைகள். சோடியம் விளக்கின் ஆரஞ்சு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் மற்ற நிறங்களெல்லாம் செத்துப்போகும் என்பதால் ஒரே நிறத்தில் அட்டை அமைக்கக் காரணமும் கிடைத்துவிடுகிறது. கூடவே வாடிக்கையாளர் போடக்கூடிய நிபந்தனைகள் சிலவற்றையும் எழுதுங்கள்: முகங்கள் வேண்டாம், போஸ்டர் இரண்டே மையில் அச்சாக வேண்டும், தலைப்பு ஒரே வரியில் நிற்க வேண்டும்.

வரையத் தொடங்கும் முன் அளவு. 1940இல் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் இசைத்தட்டுக்குப் படம் போட்ட அட்டையைக் கொண்டுவரும் வரை பெரும்பாலான இசைத்தட்டுத் தொகுப்புகள் வெறும் பழுப்பு நிற உறையில்தான் விற்றன. 1948இல் 12 அங்குல எல்பி இசைத்தட்டு வந்ததும் வடிவமைப்பாளருக்கு ஒரு பெரிய சதுரம் கிடைத்தது. குறுந்தகடு அதை 12 சென்டிமீட்டராகச் சுருக்கியது. இன்று அதே சதுரம் கைபேசிப் பட்டியலில் விரல் நகத்தின் அளவில் நிற்கிறது. ஆகவே வரைந்து முடித்ததும் அட்டையை 64 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். ‘மூன்றாம் ஷிஃப்ட்’ அட்டையில் பொடிப்பொடியான துளைகள் அந்த அளவில் காணாமல் போகும். ஒரே ஒரு துளையைப் பெரிதாக்கி அதன் வழியாக ஆரஞ்சு வெளிச்சம் வருவதுபோல் வைத்தால் நிற்கும்.

இசைத் தளங்களுக்கு ஆல்பத்தை அனுப்பும் விநியோகஸ்தர்கள் பொதுவாக 3000 பிக்சல் சதுரப் படம் கேட்பார்கள். அட்டையில் இணைய முகவரி, விலை, சமூக ஊடகக் கணக்கு இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். மாணவர்கள் இந்த 3000ஐயே இறுதிக் கோப்பாக வைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 3000 பிக்சல் 10 அங்குலம்தான் வரும். எல்பி உறையோ 12 அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதல். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாதிருக்கச் சுற்றிலும் பிளீடு எனும் கூடுதல் ஓரம் 3 மில்லிமீட்டர் வேறு வேண்டும். 4000 பிக்சலில் தொடங்கினால் அட்டைக்குப் போதும். ஏ2 போஸ்டர் 420க்கு 594 மில்லிமீட்டர்; அதற்கு 4961க்கு 7016 பிக்சல். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் கூடும், விவரம் கூடாது. எழுத்தையும் கோடுகளையும், எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆரஞ்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராக் போஸ்டர்கள் அச்சில் சாவது பெரும்பாலும் நிறத்தில்தான். திரை ஒளியை உமிழ்கிறது. தாளில் மை ஒளியை விழுங்குகிறது. திரையில் தகதகக்கும் ஆரஞ்சும் நியான் பச்சையும் மின்னல் நீலமும் அச்சின் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) நான்கு மைகளில் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. திரைக்கான ஆர்ஜிபி கோப்பை அப்படியே அனுப்பினால் ஆரஞ்சு மங்கலாக, மண் நிறம் கலந்து வரும். ‘கந்தக மழை’ போஸ்டருக்கு இரண்டே மை என்று நிபந்தனை போட்டது இங்கே கைகொடுக்கிறது: கறுப்பு ஒன்று, கலந்தே வரும் தனி மையாகப் பேன்டோன் ஆரஞ்சு 021 ஒன்று. இரண்டே தகடு, நிறமும் நினைத்தபடி வரும். ஆரஞ்சின் மேல் கறுப்பு ஏறி அச்சாகும்படி ஓவர்பிரிண்ட் வையுங்கள். இல்லாவிட்டால் தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் இடையில் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும்.

நான்கு மையில்தான் அச்சிடுகிறீர்கள் என்றால் கறுப்பைக் கவனியுங்கள். பெரிய பரப்பில் கறுப்பு மை மட்டும் அடித்தால் கரும் சாம்பலாகத்தான் தெரியும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 விழுக்காட்டைக் கறுப்பு 100உடன் சேர்த்தால் ஆழம் வரும். ஆர்வக்கோளாறில் நான்கையும் 100 வைத்தால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் போதும். கறுப்புப் பரப்பில் மெல்லிய வெள்ளை எழுத்து வேண்டாம். மை பரவி எழுத்தை மூடிவிடும்.

முதுகுப் பட்டையை மறந்துவிடுகிறார்கள். அலமாரியில் ஆல்பத்தை அடையாளம் காட்டுவது அதுதான். மடிப்பு அரை மில்லிமீட்டர் இங்கும் அங்கும் போகும் என்பதால் சரியாக மடிப்புக் கோட்டில் நிறத்தை மாற்றாதீர்கள்.

போஸ்டர் என்பது அட்டையைப் பெரிதாக்கியது அல்ல. அட்டைக்குத் தேதியும் இடமும் கிடையாது, போஸ்டருக்கு அவைதான் உயிர். தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து நிறமும் உருவமும் இழுக்க வேண்டும், நான்கு எட்டு நெருங்கினால் குழுவின் பெயர், கைக்கெட்டும் தூரத்தில் நாள், நேரம், அரங்கம், நுழைவு விவரம். கற்பனைதானே என்று இந்த இடத்தில் அர்த்தமில்லாத நிரப்பு எழுத்தைக் கொட்டுவது பெரிய பிழை. நிஜத்தில் வரும் நீளத்தில், கிழமையும் தேதியும் பொருந்தும்படி எழுதுங்கள். ஜூன் 31 அன்று நடக்கும் நிகழ்ச்சிக்கு ஒரு போஸ்டர் என் மேசைக்கு வந்திருக்கிறது.

இதைச் சொன்னால் 1966 காலத்து சான் பிரான்சிஸ்கோ போஸ்டர்களைக் காட்டி, அவற்றைப் படிக்கவே முடியவில்லையே என்பார்கள். ஃபில்மோர் அரங்குக்கு வெஸ் வில்சன் வரைந்தவை அவை. உருகி வழியும் அந்த எழுத்துக்கு முன்மாதிரி வியன்னா ஓவியர் ஆல்ஃபிரட் ரோலரின் எழுத்து. ஆனால் கவனித்துப் பாருங்கள், எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் நிற முரண் தூரத்திலேயே ஆளை நிறுத்தும். நின்றவர் நெருங்கி வந்து புதிரை அவிழ்ப்பார். நிற முரணும் இல்லாமல் எழுத்தையும் படிக்க முடியாவிட்டால் யாரும் நிற்க மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து போர்ட்ஃபோலியோவில் ஏற்றும்போது ‘கற்பனைக் குழுவுக்கான பயிற்சி’ என்று தெளிவாக எழுதுங்கள். நிஜ வாடிக்கையாளர் போல் காட்டிக்கொண்டு நேர்முகத்தில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்; வேலை நன்றாக இருந்தும் நம்பிக்கை போய்விடும். சுவரில் ஒட்டியதுபோல் காட்டும் மாக்கப் கோப்புக்கும் உரிமம் உண்டு. படம், எழுத்துரு, மாக்கப் ஒவ்வொன்றையும் எங்கிருந்து, எந்த உரிமத்தில் எடுத்தீர்கள் என்று ஓர் உரைக் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

அந்தக் கோப்பு ஒருநாள் அவசரமாகத் தேவைப்படும். பயிற்சி அட்டையைப் பார்த்துவிட்டு நிஜக் குழு ஒன்று அதையே கேட்டு வருவது உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் நாக்குச் சின்னத்தை 1970இல் வரைந்த ஜான் பாஷ் அப்போது லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர். அப்போது கிடைத்தது 50 பவுண்டு. அதன் மூல ஓவியத்தை 2008இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கியது. எது இவ்வளவு தூரம் போகும் என்று வரையும்போது யாருக்கும் தெரியாது. அதனால் கொடுக்கும் முன் எழுத்தில் பேசுங்கள்: அட்டைக்கு மட்டுமா, டி-ஷர்ட்டுக்கும் சேர்த்தா, எத்தனை ஆண்டுக்கு, லேயர் பிரித்த மூலக் கோப்பும் உண்டா. உங்கள் பெயரில் வாங்கிய எழுத்துருவின் கோப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான உரிமங்கள் அதை அனுமதிப்பதில்லை. எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு உருவமாக மாற்றிய பிடிஎஃப்பைக் கொடுத்தால் போதும், எழுத்துரு வேண்டுமென்றால் குழுவே தனியாக உரிமம் வாங்கிக்கொள்ளட்டும்.