இரும்பாணி ஊக்கி இல்லைப் பிள்ளைகளே

போன கிழமை உப்புவெளியிலிருந்து ஓர் உயர்தர மாணவன் இருமிக்கொண்டே ஆய்வுகூடத்துக்கு வந்தான். தண்ணீரிலிருந்து ஐதரசன் வாயு எடுக்கிறேன் என்று கடல் தண்ணீரை வாளியில் அள்ளி, இரண்டு ஆணிகளை மோட்டார் சைக்கிள் பற்றரியில் கொடுத்திருக்கிறான். நேர்முனை ஆணி கரைந்து தண்ணீர் கபிலச் சேறானது. மறுநாள் அந்த ஆணிக்குப் பதிலாகப் பழைய டோர்ச் பற்றரியின் கரிக்கோலைப் போட்டு, யாரும் திட்டாமலிருக்க அறைக் கதவையும் சாத்திக்கொண்டான். கடல்நீரில் குளோரைட்டு இருக்கிறது, கரிக்கோலில் இருமவைக்கும் நச்சு வாயுவான குளோரீன் வரும். வந்தது. இந்த வருடத்தில் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை இவன்.

கேட்டால், "நொதியத்தைப் பார்த்துச் செய்த இரும்பு ஊக்கி, சேர். பிளாற்றினம் தேவையில்லையாம்" என்கிறான். ஊக்கி என்றால் தான் செலவாகாமல் தாக்கத்தை விரைவாக்கும் பொருள்; நொதியம் என்றால் உயிர்களுக்குள் இருக்கும் புரத ஊக்கி. ஐதரசன் எடுக்கப் பிளாற்றினத்துக்குப் பதிலாக, நொதியத்தைப் பார்த்து இரும்புச் சேர்வைகளைச் செய்கிறார்கள் என்ற செய்தி உண்மைதான். ஆனால் அந்த இரும்பு வேறு, வாளியில் கிடந்த இரும்பு வேறு.

சம்பல்தீவுப் பக்கம் கண்டல் சேற்றில் கால் புதைந்தால் கூழ்முட்டை நாற்றம் வருமே, அதுபோல ஒட்சிசன் இல்லாத கறுப்புச் சேறுகளில் வாழும் சில பற்றீரியாக்களிடம் ஐதரசனேஸ் என்ற நொதியம் உண்டு. அதன் நடுவில் இரண்டு இரும்பணுக்கள். அவற்றைக் கந்தகம் இணைக்கிறது, காபனோரொட்சைட்டும் சயனைட்டும் பற்றிக்கொண்டிருக்கின்றன, பக்கத்தில் ஒரு நைதரசன் புரோத்தனை, அதாவது நேரேற்றம் பெற்ற ஐதரசனை, வாங்கி இரும்பிடம் கொடுக்கிறது. வேகமான வகை ஒன்று செக்கனுக்கு ஆயிரக்கணக்கான ஐதரசன் மூலக்கூறுகளை உருவாக்கும். அதன் கட்டமைப்பு 1998இல்தான் தெரியவந்தது. 2013இல், ஆய்வுகூடத்தில் செய்த ஈரிரும்புச் சேர்வையை வெறுமையான புரதத்துக்குள் வைத்து அதை வேலை செய்ய வைத்தார்கள். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் வேலை அது. புரதத்துக்கு வெளியே அதே சேர்வை நொதியத்தின் கிட்டவும் வராது. ஒட்சிசன் பட்டால் நொதியமே கெட்டுப்போகும்.

சரி, ஆணிக்கு வருவோம். ஊக்கி என்றால் வேலை முடிந்த பின்னும் தன் நிறையோடு இருக்க வேண்டும். முதல் நாள் ஆணியைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னேன், மெலிந்திருந்தது. அப்படியானால் அது தாக்கி, அதாவது தாக்கத்தில் தானே செலவாகும் பொருள். மறைமுனை ஆணி மெலியவில்லையே என்று கேட்பீர்கள். அங்கே வந்த ஐதரசன் குமிழிகளுக்குச் சக்தி கொடுத்தது பற்றரி. எந்த ஊக்கியும் சக்தி தராது, பிளாற்றினமும் தராது, நொதியமும் தராது. வீணாகப் போகும் மின்னைக் குறைக்கும், அவ்வளவுதான். ஒரு கிலோ ஐதரசனை எரித்தால் கிடைப்பது ஏறக்குறைய 39 யூனிட். தண்ணீரிலிருந்து அதைப் பிரிக்கக் குறைந்தது அவ்வளவு சக்தியாவது உள்ளே போயாக வேண்டும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற களைப்பில், தண்ணீரில் ஆட்டோ ஓடும் என்று நம்பி எத்தனை பேர் காசைத் தொலைத்தார்கள்! அந்த நம்பிக்கை இன்னும் பிள்ளைகளின் போனில் சுற்றுகிறது.

வீட்டில் கடல்நீரையோ உப்புத் தண்ணீரையோ மின்பகுக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்யவே வேண்டாம். எவர்சில்வர் கரண்டியை நேர்முனையில் கொடுக்காதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் நஞ்சாகக் கரைந்து வரக்கூடும், தண்ணீர் மஞ்சளானால் தொடாதீர்கள். வாயுவைப் போத்தலில் பிடித்து வைக்காதீர்கள். காற்றில் 4 முதல் 75 சதவீதம் ஐதரசன் இருந்தால் ஒரு சிறு பொறி போதும், அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் ஒன்று: இரும்புக் காபனைல் சேர்வைகளை, அதாவது காபனோரொட்சைட்டு பிணைந்த இரும்புச் சேர்வைகளை, காற்றை வெளியே இழுக்கும் கூண்டுக்கு வெளியே திறக்காதீர்கள். அவற்றிலிருந்து வரக்கூடிய நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணம் கிடையாது.

பெற்றோரே, பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் அவன் கதவைச் சாத்தினான். ஆணியையும் பற்றரியையும் எடுத்துக்கொண்டு பள்ளி முடிந்ததும் என்னிடம் அனுப்புங்கள். யன்னலைத் திறந்து வைத்து, முதலில் ஆணியை நிறுத்துவிட்டுச் சேர்ந்தே செய்து பார்ப்போம்.