சொல் விளக்கம்: நிறுவி

ஒரு மென்பொருளைக் கணினியில் பொருத்தித் தரும் நிரலை ஆங்கிலத்தில் இன்ஸ்டாலர் என்பர். தமிழில் அதற்கு ‘நிறுவி’ என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. கோப்பைத் திறந்து, அடுத்து, அடுத்து என்று சொடுக்கிச் செல்லும் பயனருக்கு இந்த ஒரு சொல் போதும். விண்டோஸ் மென்பொருள்களுக்கு நிறுவி உருவாக்குபவருக்கு மட்டும் அது போதாது. ஏனெனில் ‘நிறுவி வேலை செய்யவில்லை’ என்று ஒருவர் முறையிடும்போது எந்த நிறுவியைச் சொல்கிறார் என்பது தெரியாமல் பழுதைத் தேடத் தொடங்கினால், தேடல் பெரும்பாலும் தவறான இடத்திலேயே நடக்கும்.

நில் என்னும் வினையின் பிறவினை நிறுவு. நிற்கச் செய்தல், நிலைபெறச் செய்தல் என்பன அதன் பொருள்கள். ‘நிறீஇ’ என்னும் அளபெடை வடிவம் சங்கப் பாடல்களில் நிலைநிறுத்தி என்னும் பொருளில் வருகிறது. நிறுவனம், நிறுவனர் ஆகிய சொற்களும், ஒரு கருத்தைச் சான்றுகாட்டி நிறுவுதல் என்னும் வழக்கும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. நிறுவு என்பதோடு இகர விகுதி சேர்ந்து நிறுவி ஆயிற்று. உலாவி, செயலி, திருத்தி, இயக்கி என்று கணினித் தமிழில் பெருகிய பெயர்கள் யாவும் இந்த வார்ப்பில் வந்தவையே. இதில் ஓர் இடர் உண்டு. நிறுவி என்பது பெயர்ச்சொல்லாகவும் இருக்கிறது, ‘நிறுவிவிட்டு’ எனப் பொருள்தரும் வினையெச்சமாகவும் இருக்கிறது. ‘நிறுவி இயக்கவும்’ என்று திரையில் எழுதினால், நிறுவிய பின் மென்பொருளை இயக்கச் சொல்கிறார்களா, நிறுவியை இயக்கச் சொல்கிறார்களா என்று படிப்பவர் தடுமாறுவார். ‘நிறுவியை இயக்கவும்’ என்று வேற்றுமை உருபை வெளிப்படையாக எழுதுவதே முறை.

இன்ஸ்டால் என்னும் ஆங்கிலச் சொல் இடைக்கால இலத்தீனிலிருந்து வந்தது. ஸ்டால்லும் என்பது இருக்கை அல்லது இடம். தேவாலயத்தில் ஒரு குருவை அவருக்குரிய இருக்கையில் முறைப்படி அமர்த்துவதே அச்சொல்லின் பழம்பொருள். கருவியை ஓரிடத்தில் பொருத்துதல் என்னும் பொருள் பிற்காலத்தது. மென்பொருள் அதற்கும் பிந்தியது. அங்கே அமர்த்தல், இங்கே நிற்கச் செய்தல்; இரண்டிலுமே ஒன்றை அதற்குரிய இடத்தில், உரிய உரிமையோடு, நீடித்திருக்கும்படி வைத்தல் என்னும் கருத்து இருக்கிறது. வெறுமனே கோப்புகளைப் படியெடுத்தல் என்னும் பொருள் இரண்டு சொற்களுக்கும் இல்லை. நிறுவி உருவாக்குவோர் சந்திக்கும் சிக்கல்களில் பெரும்பகுதி, நிறுவலைப் படியெடுத்தலாக நினைப்பதிலிருந்தே பிறக்கிறது என்பது என் கருத்து.

செட்டப் என்பதற்கு ‘அமைப்பு’ அல்லது ‘அமைவு’ என்று எழுதுவோர் உண்டு. அமைப்பு என்னும் சொல் ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்குகிறது: சங்கங்களும் அமைப்புகள், கணினி முழுவதும் ஓர் அமைப்பு, திறன்பேசியில் விருப்பத்தேர்வுகளை மாற்றும் பக்கமும் அமைப்புகள். எனவே செட்டப் நிரலையும் நிறுவி என்றே சொல்லலாம். ஆனால் கோப்பின் பெயரில் அந்த ஆங்கிலச் சொல் இருக்கிறதா என்பது விண்டோஸுக்கு ஒரு பொருட்டு. விஸ்டா பதிப்பு முதலாக, செட்டப், இன்ஸ்டால், அப்டேட் போன்ற சொற்கள் பெயரில் உள்ள 32 பிட் இயக்குகோப்பு (.exe) தனக்கு வேண்டிய உரிமை நிலையை மேனிஃபெஸ்டில், அதாவது கோப்போடு சேர்ந்து வரும் அறிவிப்புக் குறிப்பில், அறிவிக்காமல் இருந்தால், அது நிறுவியாகத்தான் இருக்கும் என்று விண்டோஸ் ஊகித்து நிர்வாகி அனுமதி கேட்கிறது. நிறுவலோடு தொடர்பே இல்லாத ஒரு சிறு கருவிக்கு அப்டேட் என்று தொடங்கும் பெயரை வைத்தவர், அது ஏன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கிறது என்று குழம்புவது இதனால்தான். தேவையான உரிமை நிலையை மேனிஃபெஸ்டில் எழுதிவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

இனி அந்த ஒரே சொல்லுக்குள் கலந்து கிடக்கும் பொருள்களைப் பிரிக்கலாம். மைக்ரோசாஃப்ட் 1999-இல், ஆபிஸ் 2000 வெளியான காலத்தில், விண்டோஸ் இன்ஸ்டாலர் என்னும் சேவையை அறிமுகப்படுத்தியது. அது இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கும் பொறி. அதை ‘நிறுவல் சேவை’ எனலாம். அந்தச் சேவை படித்துச் செயல்படுத்தும் எம்.எஸ்.ஐ. கோப்பு உண்மையில் ஒரு நிரலே அன்று. கோப்புகள், கோப்புறைகள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைவுகளைச் சேமிக்கும் இடம்) பதிவுகள், செயல்வரிசை ஆகியவற்றை அட்டவணைகளாகக் கொண்ட ஒரு தரவுத்தளம். அதற்கு ‘நிறுவல் பொதி’ என்பது பொருந்தும். தொகுப்பு என்று சொல்லாமல் பொதி என்று சொல்வதற்குக் காரணம், மூலநிரலை மாற்றித் தரும் கம்பைலரைத் தொகுப்பி என்று அழைப்பதுதான். பொதிக்கு முன்னால் ஓடி, அதற்கு வேண்டிய துணை மென்பொருள்களை முதலில் நிறுவித் தரும் இயக்குகோப்பைத் ‘தொடக்க நிறுவி’ எனலாம். இவற்றையெல்லாம் ஆக்கித் தரும் கருவி ‘நிறுவியாக்கி’. 2004-இல் திறமூலமாக வெளியிடப்பட்ட விக்ஸ், எம்.எஸ்.ஐ. பொதிகளை ஆக்குகிறது. 1997 முதல் புழக்கத்தில் உள்ள இன்னோ செட்டப்பும், நல்சாஃப்ட் நிறுவனத்தில் பிறந்த என்.எஸ்.ஐ.எஸ்.ஸும் நிறுவல் சேவையை நாடாமல் தம் சொந்தப் பொறியோடு இயங்கும் கோப்புகளை ஆக்குகின்றன. ஆகவே, 1603 போன்ற நான்கு இலக்கப் பிழையெண் தோன்றினால், பேசுவது பெரும்பாலும் நிறுவல் சேவை; இன்னோவில் ஆக்கிய நிறுவியிலிருந்து அது வந்தால், உள்ளே எங்கோ ஒரு எம்.எஸ்.ஐ. பொதி அழைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அந்த 1603-ஐச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ‘நிறுவலின்போது கடும் பிழை’ என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. சேவை தன் வேலையைக் கைவிட்டது என்னும் அறிவிப்பு மட்டுமே அது. காரணத்தை அறிய, விரிவான லாக் கோப்பு எழுதும்படி கட்டளை வரியில் கேட்டுக்கொண்டு பொதியை மீண்டும் ஓட்டவேண்டும். பல்லாயிரம் வரிகளில் வரும் அக்கோப்பை மேலிருந்து படிப்பது வீண். ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்னும் தொடரைத் தேடி, முதன்முதலில் அது வரும் இடத்தில் நின்று, அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்கவேண்டும். பிற மொழி விண்டோஸில் அத்தொடர் அந்த மொழியில் இருக்கும் என்பதையும் நினைவில் கொள்க. மேலே சில வரிகளில், எடுத்துக்காட்டாக, பிழை 1920 தென்படலாம்: மென்பொருளோடு வரும் ஒரு பின்னணிச் சேவை தொடங்கவில்லை, அதைத் தொடங்கப் போதிய உரிமை இருக்கிறதா என்று சரிபார்க்கவும் என்று அது சொல்லும். இந்த அறிவுரை பலரைத் திசைதிருப்பியிருக்கிறது. உரிமை பெரும்பாலும் இருக்கத்தான் செய்கிறது. அந்தச் சேவைக்கு வேண்டிய விஷுவல் சி++ இயக்கநூலகம் போன்ற ஏதோ ஒன்று கணினியில் இல்லை, அல்லது சேவை தொடங்கிய உடனே தன் அமைவுக் கோப்பைக் காணாமல் விழுந்துவிடுகிறது. பிழைச் சாளரம் திரையில் இருக்கும்வரை கோப்புகள் வட்டில் இருக்கும். எனவே சாளரத்தை மூடாமல், அந்தச் சேவையின் இயக்குகோப்பைக் கட்டளைச் சாளரத்திலிருந்து கையால் ஓட்டிப் பார்த்தால் உண்மைக் காரணம் வெளிவரும். சாளரத்தை மூடினால் ரோல்பேக் (அதுவரை செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுதல்) நடந்து தடயம் அழிந்துவிடும். ரோல்பேக் என்பதைப் ‘பின்வாங்கல்’ எனலாம். மீட்டமைத்தல் என்பது வேறு பொருளுக்கு வழங்குவதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

உரிமை பற்றிய உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கஸ்டம் ஆக்ஷன் என்பது, பொதியின் அட்டவணைகளால் செய்ய முடியாததைச் செய்வதற்கு ஆக்குநர் சேர்க்கும் சொந்த நிரல். ‘தனிச்செயல்’ என்று சொல்லலாம். உடனடியாக நடப்பது, ஒத்திவைத்து நடப்பது என அதில் இரு வகை உண்டு. உடனடி வகை, செயல்வரிசை திட்டமிடப்படும்போதே ஓடிவிடுவதால் கோப்புகள் அப்போது வட்டுக்கு வந்திருக்கமாட்டா. கணினியை மாற்றும் உரிமையும் அதற்கு இருக்கும் என்று நம்பமுடியாது. ஒத்திவைத்த வகைக்கு உரிமையை முழுதாகத் தரலாம், ஆனால் நிறுவல் கோப்புறை எது போன்ற மாறிகளை அது நேரே கேட்டால் வெற்றுச் சரமே கிடைக்கும். கஸ்டம் ஆக்ஷன் டேட்டா என்னும் மாறியின் வழியாக முன்கூட்டியே அனுப்பிவைக்கவேண்டும். மேலும் முழு உரிமையோடு ஓடும்போது அது பயனரின் கணக்கில் அல்லாமல், விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடுகிறது. அங்கிருந்து ‘நடப்புப் பயனர்’ ரெஜிஸ்ட்ரிக் கிளையில் எழுதினால், எழுதியது பயனருக்குப் போய்ச் சேராது. பயனர் இணைத்துவைத்திருக்கும் வலையக வட்டுகளும் அதற்குத் தெரியா. ஆக்குநரின் கணினியில் எல்லாம் ஓடி, மற்றவர் கணினியில் தவறும் நிறுவிகளைச் சோதிக்கும்போது நான் முதலில் பார்ப்பது தனிச்செயல்களைத்தான்.

பதிப்பெண் அடுத்த இடறுகல். 2.1.0.4 என்னும் பதிப்பு நிறுவப்பட்ட கணினியில் 2.1.0.5-ஐ நிறுவினால் பழையது போய்ப் புதியது நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்போம். நிறுவல் சேவை முதல் மூன்று எண்களை மட்டுமே ஒப்பிடுகிறது, நான்காவதைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே அதன் கண்ணுக்கு இரண்டும் ஒரே பதிப்பு; பொருட்குறி (மென்பொருளைச் சேவைக்கு அடையாளம் காட்டும் புராடக்ட் கோட்) புதிதாக இருந்தால், நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். மூன்றாவது எண்ணை உயர்த்துவதோ, சமப் பதிப்பையும் மேம்படுத்தலாகக் கொள்ளும்படி விக்ஸில் குறிப்பதோ இதற்குத் தீர்வு. பொருட்குறியை மாற்ற மறந்து பொதியை மட்டும் மறுபடி கட்டினால், பிழை 1638 வரும்: வேறொரு பதிப்பு ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது என்பது அதன் பொருள். மேம்படுத்தற்குறி (அப்கிரேட் கோட்) மட்டும் மென்பொருளின் வாழ்நாள் முழுதும் மாறவே கூடாது. பழைய பதிப்பைப் புதியது அடையாளம் காண்பது அதைக் கொண்டுதான்.

32 பிட், 64 பிட் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 64 பிட் விண்டோஸில் 32 பிட் பொதி எழுதும் ரெஜிஸ்ட்ரி பதிவுகள் வாவ்6432நோட் என்னும் கிளைக்குத் திருப்பிவிடப்படுகின்றன; எழுதியதைக் காணவில்லை என்பவர் அங்கே பார்க்கலாம்.

நிறுவு என்பதற்கு நிலைபெறச் செய் என்னும் பொருள் இருப்பதை நிறுவல் சேவை சில வேளைகளில் அளவுக்கு மீறியே கடைப்பிடிக்கிறது. பொதி பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒரு கூறு நிறுவப்பட்டிருக்கிறதா என்பதை அறியச் சேவை பார்க்கும் திறவுக்கோப்பு பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் உண்டு. பொதி உருவாக்கிய விளம்பரவகைக் குறுக்குவழியை (மென்பொருளை நேரே திறக்காமல் நிறுவல் சேவை வழியாகத் திறப்பது) பயனர் சொடுக்கும்போது, அந்தக் கோப்பு இருக்கிறதா என்று சேவை பார்க்கிறது. இல்லையென்றால் நிறுவல் குலைந்துவிட்டதாகக் கருதித் தானே செப்பனிடத் தொடங்குகிறது. மென்பொருள் ஓடும்போது அழித்துவிடும் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறவுக்கோப்பாக வைத்துவிட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நிறுவல் சாளரம் வந்து நிற்கும். நிகழ்வுப் பார்வைக் கருவியில் எம்.எஸ்.ஐ. இன்ஸ்டாலர் என்னும் மூலத்தின் கீழ் 1001, 1004 ஆகிய எண்களில் வரும் குறிப்புகள், எந்தக் கூறு குறைகிறது என்பதைச் சொல்லிவிடும்.

தமிழில் திரைகளைக் காட்டும் நிறுவிக்கு இன்னொரு தடை உண்டு. விண்டோஸில் தமிழின் மொழிக்குறி 1097. அதற்கு யூனிகோடு தவிர வேறு இயல்பான குறியீட்டுப் பக்கம் (எழுத்துகளுக்கு எண்களை ஒதுக்கும் அட்டவணை) கிடையாது. எம்.எஸ்.ஐ. தரவுத்தளமோ ஒரு குறியீட்டுப் பக்கத்தை அறிவித்துத் தன் சரங்களைச் சேமிப்பது; ஐரோப்பிய மொழிகளுக்கான 1252-ஐ வைத்துக்கொண்டு தமிழ் எழுதினால் விக்ஸ் பொதியைக் கட்ட மறுக்கும். யூ.டி.எஃப்-8-க்குரிய 65001-ஐக் குறிப்பதே வழி. இன்னோ செட்டப் 6-ஆம் பதிப்பு முதல் யூனிகோடு மட்டுமே என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை, என்.எஸ்.ஐ.எஸ். 3-இல் யூனிகோடு தெரிவை இட்டால் போதும்.

நிறுவலுக்கு எதிர்ச்சொல்லாக ‘நிறுவல்நீக்கம்’ வழங்குகிறது. அகற்றல் என்றாலும் பிழையில்லை. ஆனால் எம்.எஸ்.ஐ. பொதியில் நீக்கம் இரு வேறு சூழல்களில் நிகழ்கிறது என்பதை அச்சொல் காட்டுவதில்லை: பயனர் தாமே நீக்குவது ஒன்று, பெரிய மேம்படுத்தலின்போது புதிய பொதி பழையதை நீக்குவது மற்றொன்று. பயனரின் தரவுக் கோப்புறையை அழிக்கும் தனிச்செயலுக்கு ‘நீக்கம் நடந்தால்’ என்னும் நிபந்தனையை மட்டும் இட்டவர், அடுத்த பதிப்பை வெளியிட்ட அன்று எல்லாருடைய தரவையும் அழித்துவிடுவார். அப்கிரேடிங் புராடக்ட் கோட் என்னும் மாறி வெறுமையாக இருக்கும்போது மட்டுமே அச்செயல் ஓடவேண்டும் என்று நிபந்தனையில் சேர்க்கவேண்டும். பிழையான நீக்கச் செயலோடு ஒரு பதிப்பு ஏற்கெனவே வெளியேறியிருந்தால், புதிய பொதியில் அதைத் திருத்துவதால் மட்டும் பயனில்லை. ஏனெனில் நீக்கம், விண்டோஸ் கோப்புறைக்குள் சேவை சேமித்துவைத்திருக்கும் பழைய பொதியின் படியிலிருந்து ஓடுகிறது. அதே பொருட்குறியோடு திருத்திய பொதியைக் கட்டி, சேமித்த படியையும் மாற்றும்படி ‘வி’ என்னும் எழுத்தை மறுநிறுவல் தெரிவில் (ரீஇன்ஸ்டால்மோடு) சேர்த்து ஒருமுறை ஓட்டவேண்டும். அதற்குப் பின்னரே மேம்படுத்தலைத் தொடங்கவேண்டும்.