மணலைக் கொட்டும் முன் சலித்துப் பாருங்கள்

போன வருடம் ஒரு மீனவக் குப்பத்தில் கூட்டம். கரை அரித்துக்கொண்டே போகிறது. வலை உலர்த்தும் இடம் முதலில் போனது, அப்புறம் படகு ஏற்றும் இடம். இப்போது கோயில் வாசல் வரை அலை வருகிறது. பக்கத்து முகத்துவாரத்தில் தூர்வாரும் மண்ணை இங்கே கொண்டுவந்து கொட்டச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். "மணல்தானே சார், எந்த மணலா இருந்தா என்ன?" என்று ஒரு தம்பி கேட்டார்.

இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வாங்கினேன். ஒன்றில் அவர்கள் கரையிலிருந்து ஒரு பிடி, மற்றதில் முகத்துவாரத்திலிருந்து ஒரு பிடி. கலக்கி வைத்தேன். கரை மணல் கலக்கிய கை நிற்பதற்குள் அடியில் உட்கார்ந்துவிட்டது. மற்ற டம்ளரின் தண்ணீர் நாங்கள் டீ குடித்து முடித்த பிறகும் கலங்கலாகவே இருந்தது. அலை ஓயாமல் அடிக்கும் இடத்தில் அந்த இரண்டாவது மண்ணைக் கொட்டினால் எத்தனை நாள் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடலோரப் படிவுகளை அளப்பது என் வேலை. மணலை அள்ளி, கழுவி, காயவைத்து, சல்லடைகளில் சலித்து, ஒவ்வொரு அளவிலும் எவ்வளவு இருக்கிறது என்று எடை போடுவதுதான் இதில் பெரும்பகுதி. துகள் அளவுப் பகுப்பாய்வு என்று புத்தகத்தில் பெரிய பெயர் இருக்கிறது. செலவு குறைந்த, பழைய, எளிய சோதனை. கரையைக் காப்பாற்றுவதற்கென்று நடக்கும் எத்தனையோ பேச்சில் இந்தச் சோதனையின் முடிவை யாரும் கேட்பதில்லை. அந்தக் கவலைதான் இதை எழுத வைக்கிறது.

கடல் செய்யும் வேலையை நம் வீட்டில் முறத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அரிசியைப் புடைக்கும்போது தவிடும் உமியும் பறக்கின்றன, குருணை ஒரு பக்கம் ஒதுங்குகிறது, முழு அரிசி நிற்கிறது. அலை கரையேறி இறங்குவதும் அப்படித்தான். வண்டலையும் களியையும் அது நீரோடு ஆழத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. தன் வேகத்துக்குத் தாங்கக்கூடிய துகளை மட்டும் கரையில் விட்டுவைக்கிறது. ஒரு கரையில் நாம் பார்க்கும் மணல், அந்த இடத்து அலை பல ஆண்டுகளாகப் புடைத்து மிச்சம் வைத்தது. வெளியிலிருந்து மணல் கொண்டுவருவதாக இருந்தால் அந்த மிச்சத்தின் அளவுக்குச் சமமாகவோ கொஞ்சம் பருமனாகவோ இருக்க வேண்டும். மிகவும் பருமனாகவும் இருக்கக்கூடாது. துகள் பெரிதாக ஆக, கரையின் சரிவு செங்குத்தாகும். அங்கே படகு ஏற்றுவது கடினம், கரைவலை இழுப்பது கடினம், பங்குனி ஆமை ஏறி வந்து குழி தோண்டுவதும் கடினம்.

புதுச்சேரியை எடுத்துக்கொள்வோம். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது. மீனவர்கள் தெண்டி, வன்னி என்று அந்த நீரோட்டங்களுக்குப் பெயர் வைத்து எப்போதோ கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு முழு வருடத்துக்குக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1989 வாக்கில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகள் நீட்டப்பட்டன. வடக்கே போக வேண்டிய மணல் அவற்றின் தெற்குப் பக்கம் தங்கியது. தடுப்புக்கு வடக்கே, நகரத்தின் முகப்பில் இருந்த கடற்கரை சில வருடங்களில் போய்விட்டது. கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு கல் முடியும் இடத்துக்கு நகர்ந்தது. அங்கேயும் கொட்டினார்கள். இன்னும் வடக்கே சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று அரிப்பு தமிழ்நாட்டுக் கரைக்குள் ஏறியது. பிறகு 2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் அலையின் வேகத்தைத் தணிக்கச் சுமார் 900 டன் எடையுள்ள எஃகுத் திட்டு ஒன்றை மூழ்கடித்து வைத்தது. முப்பது வருடம் கல் மட்டும் இருந்த இடத்தில் ஒரு பகுதிக்கு மணல் திரும்பி வந்தது. தலைமுறை ஒன்று முதல்முறையாக அங்கே மணலில் கால் வைத்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சென்னையிலும் இதே கதைதான், நூறு வருடம் முன்னதாக. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டத் தொடங்கியதும் தெற்கே மணல் சேர்ந்தது, மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை தெருக்களே கடலுக்குள் போயின. மெரினாவில் நடந்து போகும்போது காலடியில் இருப்பதில் ஒரு பங்கு வடசென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்.

இப்படிப்பட்ட தடுப்புகளின் இரண்டு பக்கத்திலும் மணல் எடுத்துச் சலித்தால் வித்தியாசம் தெரியும். சேரும் பக்கத்தில் பெரும்பாலும் துகள் நுண்மையாகவும் ஒரே சீராகவும் இருக்கும், சரிவு மென்மையாக இருக்கும். அரிக்கும் பக்கத்தில் நுண்ணியது போய், பருமனானதும் கனமானதும் தங்கும். வீடு இடிவதற்கு முன்பே, கரைக்கோடு நகர்ந்தது படத்தில் தெரிவதற்கு முன்பேகூட, மணலில் இந்த மாற்றம் தொடங்கியிருக்கலாம். ஆகவேதான் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் தடுப்பு) போட்டாலும் சரி, சுவர் கட்டினாலும் சரி, முன்பும் பின்பும் மணலை அளக்க வேண்டும் என்கிறேன்.

கருமணலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் முடிந்ததும் கரையில் கறுப்பாகப் பட்டை பட்டையாகத் தெரியும். எண்ணெய் கசிந்துவிட்டது, யாரோ சாம்பல் கொட்டிவிட்டார்கள் என்று எனக்கு ஃபோன் வரும். பெரும்பாலும் அது இல்மனைட், மேக்னடைட் போன்ற கனமான தாதுக்கள். கார்னெட் அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும். புயல் அலை லேசான குவார்ட்ஸ் மணலை இழுத்துக்கொண்டு போனதால் இவை மேலே தெரிகின்றன. கையில் தேய்த்தால் இந்தத் துகள்கள் சுற்றியுள்ள வெள்ளை மணலைவிடச் சிறியவை என்று புரியும். சிறிய துகள் எப்படி அலையில் தாக்குப்பிடித்தது? எடைதான். சிறிய கனத்த துகளும் பெரிய லேசான துகளும் நீரில் ஒரே வேகத்தில் இறங்க முடியும். இந்தப் பட்டையிலிருந்து மாதிரி எடுத்துவிட்டு "இந்தக் கரை நுண்மணல்" என்று எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். அரிக்கும் கரைக்கு அடையாளமாக இருக்க வேண்டிய ஒன்று அந்த அறிக்கையில் அமைதியான கரைக்குச் சான்றாகிவிட்டது.

அறிக்கைகளைப் படிப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். துறைமுகம், படகுத்துறை, மணல் எடுப்பு எதற்காக இருந்தாலும் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும்போது ஒரு தடிமனான அறிக்கை வைப்பார்கள். அதில் படிவு பற்றி ஒரு அட்டவணை இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மணல் என்பது 2 மில்லிமீட்டரிலிருந்து 0.0625 மில்லிமீட்டர் வரை. அதற்குக் கீழே வண்டல், அதற்கும் கீழே களி. வென்ட்வொர்த் என்ற ஆய்வாளர் 1922-இல் வகுத்த பிரிவு இது. ஒவ்வொரு படியும் முந்தையதில் பாதி: 1, 0.5, 0.25, 0.125 என்று இறங்கும். இந்தப் பின்னங்களோடு கணக்குப் போடுவது சிரமமாக இருந்ததால் கிரம்பைன் 1934-இல் ஃபை என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார். 1 மி.மீ. என்றால் 0 ஃபை, 0.5 என்றால் 1, 0.25 என்றால் 2, 0.125 என்றால் 3. எண் கூடக் கூடத் துகள் சிறுக்கிறது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கருத்துக்கேட்பில், கொட்டப்போகும் மணல் 2.5 ஃபை, கரையில் இருப்பது 1.5 ஃபை, ஆகவே புதியது பருமனானது, நிற்கும் என்று மேடையிலிருந்தே சொன்னார்கள். நிஜத்தில் 1.5 ஃபை என்பது சுமார் 0.35 மி.மீ., 2.5 ஃபை என்பது சுமார் 0.18 மி.மீ. கொட்டப்போவது பாதி அளவுதான். நான் எழுந்து அதைச் சொன்னதும் கூட்டத்தில் இருந்த ஒரு அம்மா, "அப்போ இது நிக்காதா?" என்று நேராகக் கேட்டார்.

சராசரியை மட்டும் பார்த்தும் ஏமாறக்கூடாது. 1 மி.மீ. பருமணல் பாதி, 0.0625 மி.மீ. துகள் பாதி கலந்து ஃபை கணக்கில் சராசரி எடுத்தால் 2 ஃபை, அதாவது 0.25 மி.மீ. வரும். நல்ல கடற்கரை மணலுக்கும் அதே எண் வரலாம். சராசரி ஒன்றுதான், மணல் வேறு. அதனால் அட்டவணையில் அடுத்த நெடுவரிசையையும் பாருங்கள்: தரம்பிரிப்பு, அதாவது துகள்கள் எவ்வளவு ஒரே அளவாக இருக்கின்றன என்பது. எண் குறையக் குறைய மணல் சீரானது. ஃபோக், வார்ட் இருவரும் 1957-இல் கொடுத்த முறைப்படி 0.5-க்குக் கீழே இருந்தால் நன்றாகப் புடைக்கப்பட்ட மணல். 1-ஐத் தாண்டினால் கலப்படம். அலை அடிக்கும் கரைக்கு ஏற்றது என்று சொல்லப்படும் மணலில் தரம்பிரிப்பு 1-க்கு மேல் இருந்தால் கட்டாயம் கேள்வி கேளுங்கள். 0.0625 மி.மீ.-க்குக் கீழே எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கள். அந்தப் பங்குதான் கடலில் கலங்கலாகப் பரவி, மீன் குஞ்சு தங்கும் இடத்திலும் பவளத்தின் மேலும் படியும்.

எப்போது எடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஐப்பசிக் கரையும் பங்குனிக் கரையும் ஒன்றல்ல. ஒரே ஒரு நாளில், சாலைக்குப் பக்கத்தில் காய்ந்த மணலில் மூன்று பை எடுத்திருந்தால் அது கரையைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. காற்று கொண்டுவந்த குன்று மணலும் அலை புடைத்த மணலும் வேறுவேறு. நான் ஒரே நேர்கோட்டில் கடல் வற்றும்போது நீர் நிற்கும் இடம், நடுச்சரிவு, மேல்மேடு, குன்றின் அடி என்று நான்கு இடத்தில், மேலே உள்ள சில சென்டிமீட்டர் மட்டும் எடுப்பேன். பருவத்துக்கு ஒருமுறையாவது அதே இடத்துக்குத் திரும்பிப் போவேன்.

ஆய்வகத்திலும் தவறு நடக்கும். உப்பைச் சரியாகக் கழுவாவிட்டால் காய்ந்ததும் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், நுண்மணல் பருமணல்போல் சல்லடையில் நிற்கும். சுமார் 100 கிராம் மாதிரியைச் சலித்த பின் எல்லாத் தட்டையும் கூட்டினால் அதே எடை வர வேண்டும். ஒரு கோடையில் என்னுடைய 0.125 மி.மீ. சல்லடையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிழிசல் இருந்ததைக் கவனிக்கவில்லை. மொத்த எடை சரியாகத்தான் வந்தது, ஆனால் கீழ்த்தட்டில் சேரக்கூடாதது சேர்ந்தது. ஒரு மாத வேலையை மறுபடி செய்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்குகிறேன். அப்புறம், சிப்பித் துண்டுகளை அமிலத்தில் கரைத்துவிட்டுச் சலிப்பது ஒரு வழக்கம். மணலின் மூலத்தைத் தேடும் ஆராய்ச்சிக்கு அது சரி. கரை நிற்குமா என்ற கேள்விக்கு எனக்கு அதில் உடன்பாடில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளில் பவளத் துகளும் சிப்பியும்தான் கரையே. அவற்றைக் கரைத்துவிட்டு எதை அளப்பது?

இதே சலிப்பு வேறு இடங்களிலும் உதவுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வயல்களில் விட்டுப்போன மணல் படுகை, பல இடங்களில் கீழே பருமனாகவும் மேலே நுண்மையாகவும், கரையிலிருந்து உள்ளே போகப் போக மெலிந்தும் கிடந்தது. அந்த அடையாளத்தை வைத்துத்தான் தாய்லாந்தின் பிரா தோங் தீவில் மண்ணுக்கடியில் இருந்த பழைய பேரலைகளின் படிவுகளைக் கண்டுபிடித்து 2008-இல் வெளியிட்டார்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற இடங்களில் மணல்மேட்டுக்கடியில் நல்ல தண்ணீர் தங்குவதற்கும் துகள் அளவும் இடைவெளியும்தான் காரணம். அந்த மேட்டை மட்டமாக்கிவிட்டு மேலே சவுடு நிரப்பினால் மழை இறங்கும் வழி அடைபடுகிறது.

அந்தக் குப்பத்துக்கு வருகிறேன். மனுவை அவர்கள் மாற்றி எழுதினார்கள்: கொட்டப்போகும் மணலின் துகள் அளவையும் எங்கள் கரையின் துகள் அளவையும் இரண்டு பருவத்துக்கு எடுத்துக் காட்டுங்கள், அதன் பிறகு கொட்டுங்கள் என்று. டம்ளர் தந்த வீட்டுப் பெரியவர் இப்போது ஒவ்வொரு அமாவாசையும் அதே இடத்தில் ஒரு பிடி அள்ளி, காயவைத்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மேலே தேதி எழுதி வைக்கிறார். ஜன்னல் ஓரத்தில் பதினோரு பாட்டில் நிற்கிறது. கார்த்திகையில் எடுத்தது கண்ணுக்கே தெரியும்படி கறுத்திருக்கிறது. பன்னிரண்டாவதும் வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்ச் சலித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.